எம்மெட்டின் கை

புகையிலை டப்பாதான் முதலில் இடம் மாறியிருந்தது. காலையில் ஆர்வில் தன் கையாலேயே அலமாரியில் வைத்த டப்பா, இப்போது தந்திக் கருவிக்குப் பின்னால் நின்றது. அந்தக் காலத்துத் தந்திக்காரர்கள் அப்படித்தான் வைப்பார்கள். தகரம் முதுகு கொடுத்தால் கருவியின் 'டக் டக்' ஊர் எல்லை வரை கேட்கும். டெல்வின் ஊருக்கு எல்லை என்று ஒன்று இருந்தால்தானே! மேற்கே ஒருவர் தும்மினால் கிழக்கே இருப்பவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். அயோவா மாநிலத்துச் சோளக்காடு ஒருமுறை கொட்டாவி விட்டால் உள்ளே போய்விடும் ஊர். தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்பாக விற்று ஒரு வருடமாயிற்று. ஸ்டேஷன் மியூசியமாகிவிட்டது, எழுபத்தொரு வயது ஆர்வில் அதன் காவலாளி, வழிகாட்டி, முக்கியக் காட்சிப்பொருள்.

"டப்பாவை நீயா நகர்த்தினே, லோர்னா?"

"நானா? உங்க காபியைக் குடிச்சதுல கையே நடுங்குது. தார் காய்ச்சுறவன்கூட இதைவிடப் பதமா இறக்குவான்."

லோர்னா, செத்துப்போன எம்மெட்டின் மகள். பெரிய ஜங்ஷனில் உட்கார்ந்து வண்டிகளுக்கெல்லாம் தந்தியில் உத்தரவு அனுப்பியவர் எம்மெட். ஊரின் ரயில் வரலாற்றை அவள் புத்தகமாக்கிக்கொண்டிருந்தாள். நாளை அச்சுக்குப் போகிறது. அந்த ரயில் விபத்தைப் பற்றிய ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி.

"கடைசியா ஒரு தடவை கேட்டுடறேன், கோவிச்சுக்காதீங்க. சரக்கு வண்டியை நிறுத்தி வைன்னு அப்பா அனுப்பின உத்தரவு, நெசமாவே உங்களுக்கு வரலையா?"

"வரலை. நாப்பத்திரண்டு வருசமா இதைத்தானே சொல்றேன்."

"சரி. தப்பு அப்பாவோடதுன்னே போட்டுடறேன்." கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டாள். "பனி கொட்டுது. சீக்கிரம் பூட்டிட்டுக் கிளம்புங்க."

அவள் கார் சத்தம் பனிக்குள் அமுங்கிப்போனது. மணி நான்குகூட ஆகவில்லை. ஆனாலும் வெளிச்சம் சாம்பலாகி, ஜன்னல் விளிம்பில் உதிர்ந்துகொண்டிருந்தது. அடுப்பிலிருந்து கரிவாசனையோடு, என்றோ எரிந்த காகிதத்தின் வாசனையும் வந்தது.

உத்தரவு வந்திருந்தது. ஆர்வில் அதை எழுதி, வார்த்தை வார்த்தையாக எம்மெட்டுக்கே தந்தியில் திருப்பியும் அடித்தான். தந்திக்காரர்களின் சட்டம் அது: திருப்பி அடிக்கும்வரை உத்தரவு அனுப்பியவனுடையது, அடித்துவிட்டால் வாங்கியவனுடையது. பிறகு பிரம்பு வளையத்தில் சீட்டைச் செருகி, ஓடும் எஞ்சினுக்கு உயர்த்திப் பிடிக்க வேண்டும்; ஓட்டுநர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். அன்று பயணிகள் அறையில் சீட்டாட்டம். ஆர்வில் கையில் மூன்று ராஜாக்கள். சரக்கு வண்டி நிற்காமல் போய், எதிரே வந்த பயணிகள் வண்டியில் மோதியது. பதினோரு பேர் செத்தார்கள். உத்தரவுச் சீட்டு இதே அடுப்புக்குள் போனது. எம்மெட் உத்தரவை அனுப்பவேயில்லை, விபத்துக்குப் பிறகுதான் தன் பதிவேட்டில் எழுதிச் செருகினார் என்று ஆர்வில் சாட்சி சொன்னான். அடுத்த பனிக்காலத்தில் எம்மெட், வரும் வண்டியை நோக்கித் தண்டவாளத்திலேயே நடந்துபோனார்.

டக்.

டப்பா அதிர்ந்தது.

ஆர்வில் குனிந்து மேசைக்கடியில் பார்த்தான். கம்பிகள் வெட்டப்பட்டுத்தான் கிடந்தன.

டக் டக். டெல்வினை அழைக்கும் இரண்டெழுத்து. தந்திக்காரனின் அடி, குரல் மாதிரி. அதைக் 'கை' என்பார்கள். இந்தக் கை கடைசிப் புள்ளியை லேசாக இழுத்தது, நொண்டுவதுபோல.

எம்மெட்டின் கை.

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். ஆர்வில் தந்திக்காரன். உத்தரவு வந்தால் விரல் தானாகப் போகும். போனது. சரக்கு வண்டியை டெல்வினில் நிறுத்து. ஆறாம் எண் பயணிகள் வண்டி கடக்கும்வரை. கடைசி வார்த்தையையும் திருப்பி அடித்த பிறகுதான், விரலைப் பார்த்தான்.

டப்பா மறுபடி அதிர்ந்தது.

பிறகு, மெல்ல: சரி. இனி உன்னுடையது.

சுவரில் பிரம்பு வளையம். அதில் ஒரு சீட்டு. ஓரம் கருகிய சீட்டு. இருபத்தொன்பது வயது ஆர்வில்லின் கையெழுத்து.

தரை நடுங்கியது. மேற்கே வெளிச்சம். தண்டவாளம் இல்லாத பனிமேல்.

ஓடினான். வளையத்தை உயர்த்தினான். இந்த முறை. இந்த முறையாவது.

எஞ்சின் ஜன்னலிலிருந்து ஒரு கை நீண்டது. முழங்கை வரை கரி. வளையத்துக்குள் நுழைந்தது. சீட்டைத் தொடாமல் விட்டது. ஆர்வில்லின் மணிக்கட்டைப் பிடித்தது.

தூக்கியது.

உள்ளே அனல். முகமில்லாத ஓட்டுநர்.

"நிறுத்துய்யா! உத்தரவு இருக்கு! இதோ பாரு, உத்தரவு!"

"வரலையே, ஆர்வில்," என்றது அது. "எத்தனை தடவை சொல்றது?"

கிழக்கே, பனிக்குள், இன்னொரு வெளிச்சம் பெரிதாகிக்கொண்டிருந்தது.