கதவாணியில் தொங்கிய குடுவை

மூன்று லிரா, இரண்டு சோல்தோ. சூளைக்காரன் பியாஜோ வைத்தியக் கூலியில் பாக்கி வைத்துவிட்டுச் செத்த தொகை அது. அடக்கம் முடிந்த மறுநாளே அவன் பெண்சாதியிடம் ஆள் விட்டுக் கேட்டார் வைத்தியர் லாத்தான்சியோ. கிரேக்க ஏடுகளைக் கரைத்துக் குடித்தவர். ஃபெர்ராரா நகரத்தில் அவரோடு வாதாடி மானத்தோடு திரும்பியவன் கிடையாது.

"உங்க காசு எங்கயும் போகாது. அவரே கொண்டாந்து குடுப்பாரு" என்று சொல்லியனுப்பினாளாம் அவள்.

போ என்னும் ஆற்றின் மூடுபனி தெருவையே விழுங்கிக் கிடந்த ஒரு விடியலில், வைத்தியர் வீட்டு வாசற்கதவு ஆணியில் வைக்கோல் உறை போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்று தொங்கியது. நோயாளி வராவிட்டாலும் அவன் மூத்திரம் வைத்தியரிடம் வருவது ஊர் வழக்கம்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிழைப்பான் என்றால் மருந்து சொல்வார். பிழைக்கமாட்டான் என்றால் பேச்சே இல்லை, குடுவையைக் கவிழ்த்துவிடுவார். கொண்டுவந்தவர் அதுவரை கைகட்டி நிற்க வேண்டும். இன்று யாரும் நிற்கவில்லை. குடுவை மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

மெழுகுத்துணிச் சன்னலின் மங்கிய வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மேலே நுரை, நடுவில் செங்கல் கரைத்த நிறம், அடியை நோக்கி அவசரமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்த கரிவண்டல். வைக்கோல் உறையிலிருந்து சுட்ட மண்ணின் வாடை எழுந்து தொண்டையில் ஒட்டியது. பியாஜோவின் கடைசிக் குடுவையும் இப்படித்தான் இருந்தது.

"யாருதுங்க ஐயா?" என்றாள் வேலைக்காரி ஓர்சோலா.

"சாகப்போறவனுது." சாக்கடையில் கவிழ்த்தார்.

"சூளைக்காரனுக்கு நீங்க குடுத்த செடியவே இன்னொருத்தனும் குடிச்சிருக்கான். நீங்க எழுதுற புஸ்தகத்துல அந்த ஒரு வரிய அடிச்சுத் தொலைங்களேன்."

பழைய மொழிபெயர்ப்பெல்லாம் பிழை, கிரேக்க ஆசான் சொன்ன மூலிகை இந்த வாய்க்காலோரச் செடிதான் என்று எழுதியிருந்தார். அச்சுக்கூடம் அந்தத் தாளுக்காகக் காத்திருந்தது. வரியை அடித்தால் வாழ்நாள் பேர் போகும். விட்டால், படிக்கிற வைத்தியனெல்லாம் அந்தச் செடியைக் காய்ச்சுவான்.

"கிரேக்கம் பொய் சொல்லாதுடி. சூளைக்காரன் மூத்திரம்தான் பொய் சொல்லும்."

"செத்தவனுக்குப் பொய் சொல்லி என்னங்க ஐயா லாபம்?"

தாள் திருத்தாமலே அச்சுக்குப் போனது.

மறுநாளும் ஆணியில் குடுவை. நேற்றைவிடச் சூடு. நேற்றைவிடக் கறுப்பு. வாசல் சேற்றில் வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. அன்று முழுக்க வீட்டுக்குள் எங்கோ சொட்டுச் சொட்டாக ஏதோ நிறைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலை ஆணியில் ஒன்றுமில்லை. நிம்மதியாக மூச்சுவிட்டார். அப்போதுதான் ஓர்சோலா கட்டிலடி மூத்திரச் சட்டியோடு வந்து நின்றாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இது ரெண்டு நாளா காஞ்சு கெடக்கு. நீங்க எங்கதான் போறீங்க?"

அடிவயிற்றில் கை வைத்தார். கனம் இல்லை. முட்டலும் இல்லை. வெறும் தோல்.

"அச்சுக்கூடத்துக்கு ஓடு. அந்த வரிய அடிக்கச் சொல்லு. ஓடுடி!"

"நேத்தே அச்சாகி, தாளெல்லாம் வெனிசுக்குப் படகேறிப் போச்சேங்க."

"படக நிறுத்து!"

முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடினாள். கதவு மூடியது. பனி மட்டும் கதவடி வழியாக உள்ளே வந்தது.

சொட்டுச் சத்தம் நின்றது.

சுட்ட மண் வாடை. அறைக்குள்.

குடுவை மேசைமேல் இருந்தது. உறையில்லாமல். ஆவி பறந்தது. அவர் தொடவில்லை. அது உயர்ந்தது. செம்மண் அப்பிய விரல்கள் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தன. அவர் பிடிக்கும் அதே பிடி. அதே சாய்வு. வண்டல் அடங்கும்வரை அதே பொறுமை.

"சொல்லு" என்றார். "மருந்து சொல்லு."

பேச்சே இல்லை.

குடுவை மெல்லக் கவிழ்ந்தது. கவிழக் கவிழ அவர் கால்கள் சில்லிட்டன. பிறகு இடுப்பு. பிறகு நெஞ்சு. கறுப்பெல்லாம் வடிந்த பின், அடியில் கிடந்தவை செங்கல் தரையில் ஒவ்வொன்றாக விழுந்தன.

ஒரு லிரா. இரண்டு. மூன்று.

ஒரு சோல்தோ.

இன்னொன்று.