பதிமூன்றாவது முட்டை

இன்குபேட்டருக்குள் பன்னிரண்டு முட்டைதான் வைத்திருந்தாள் நாகலக்ஷ்மி. இப்போது பதிமூன்று இருந்தது.

கூடுதல் முட்டையின் ஓட்டில் பென்சிலால் ‘25’ என்று எழுதியிருந்தது. மற்றவற்றில் அவள் எழுதிய ‘33’. அத்தனை மணி நேரம் சூட்டில் இருந்தால் கோழிக்கருவில் பின்னால் மூளையாக வளரும் மூளைக்குழாய் தலைப்பக்கம் மூடிக்கொள்ளும். அதைத்தான் நாளை பிராக்டிகல் பரீட்சையில் மாணவிகளுக்குக் காட்ட வேண்டும்.

“மலையாண்டி, இதை யார் வச்சது?”

“சந்தையில நான் வாங்கியாந்தது பன்னெண்டுதான் டீச்சர்,” என்றார் அட்டெண்டர். “உசிலம்பட்டி பஸ்ஸு போயிரும், வாரேன்.”

அவர் போனதும் ஆய்வுக்கூடத்தில் பார்மலின் நெடியும், பெட்டிக்குள் எரியும் பல்பின் மெல்லிய இரைச்சலும், பகலெல்லாம் காதில் விழாமலிருந்த குழாய்த் தண்ணீரின் சொட்டுச் சத்தமும்தான் அவளுக்குத் துணை. ஒவ்வொரு முட்டையாக உடைத்தாள். முதல் கருவில் குழாய் மூடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. சனியன்! பன்னிரண்டும் தலை பிளந்தே கிடந்தன. ஒன்றுகூடவா உருப்படியாக இருக்காது? எரிச்சலில் அழுகை முட்டியது.

அழுகைக்கு முட்டை மட்டும் காரணமில்லை. அவளுடைய தலைச்சன் பிள்ளை மண்டை மூடாமல் பிறந்து ஒரு மணி நேரம்தான் இருந்தது. இந்த 1982 தீபாவளிக்கு நெய்வேலியிலிருந்து வந்த கணவர் ஒரே ஓர் இரவு தங்கிப் போனார். இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் அந்த இரவிலிருந்து நாட்களை மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். மனிதக் கருவுக்கு அந்தக் குழாய் தலைப்பக்கம் மூடுவது இருபத்தைந்தாம் நாள்.

இன்று இருபத்தைந்து.

பதிமூன்றாவதைக் கையில் எடுத்தாள். அந்த ஐந்தின் சுழிப்பு அச்சாக அவள் கையெழுத்து. யாரோ விளையாடுகிறார்கள். ஆத்திரத்தோடு கிண்ணத்தில் உடைத்தாள்.

உள்ளே இதயம் துடித்தது. மூளைக்குழாயின் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. லென்ஸில் கண்ணை வைத்தவள் மூச்சுவிடவில்லை. இன்னும் ஒரு நூலிழை. கடவுளே, மூடட்டும்.

எட்டு வருஷப் பழக்கம். நல்ல கரு கண்ணில் பட்டதும் கை தானாகப் புட்டியை எடுத்தது. கருவைக் கொன்று, அந்த நிலையிலேயே நிறுத்தி வைக்கும் மஞ்சள் திரவம். ஒரு சொட்டு.

துடிப்பு நின்றது.

அடிவயிற்றில் சுருக்கென்றது.

“ஐயோ, இல்ல... இல்ல...” தண்ணீரை ஊற்றினாள். கழுவினாள். மறுபடி ஊற்றினாள்.

அசைவில்லை.

பிறகு, அசைந்தது.

ஒட்டவிருந்த விளிம்புகள் விலகின. மெல்ல. இன்னும் மெல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து பார்க்கப் பார்க்க, மஞ்சள் நீருக்குள் அந்தச் செத்த கரு தன் தலையைத் திறந்துகொண்டே போனது.