வெள்ளத் தண்ணீர் நாலு போத்தல்

"ஐயய்யோ... யாருங்க இந்தப் போத்தலையெல்லாம் கழுவினது?"

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று அலறினான் ஒருவன். நாகலெட்சுமிக்கோ பெருமை தாங்கவில்லை! கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பால் புகட்டுவது அவள் வேலை; அழுக்குப் போத்தலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? ஜன்னலோரம் சேறும் தண்ணியுமாக இருந்த நாலையும் வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள்.

"நான்தாங்க! பளபளன்னு இருக்குல்ல?"

"அது வெள்ளத் தண்ணிங்க! மண்ணு அடியில தங்க எவ்வளவு நேரமாகுதுன்னு பார்க்க, ஆடாம இருக்கட்டும்னு இங்க வச்சிருந்தேன்... கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

கண்ணாம் கண்ணு! அவன் கண்தான் மழையில் நனைந்த கொழுந்தாக மின்னித் தொலைத்தது... அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

"சேத்த வச்சு சாமியா கும்பிடப் போறீங்க?"

கத்தியவன் பெயர் முத்துலிங்கம்; மஸ்கெலியாக்காரன், கொழும்பில் கடலாராய்ச்சி வேலை. கடலில் செத்த நுண்ணுயிர்த் துகள்கள் நாள்கணக்கில் மெல்ல மெல்ல அடிக்கு இறங்குமாம். மழை வெள்ளம் இந்த மலை மண்ணை மகாவலி ஆற்றோடு திருகோணமலைக் கடலில் கொண்டு சேர்த்தால், அந்த மண் ஒட்டிக் கனத்து விறுவிறுவென்று இறங்கிவிடுமாம். வெள்ளிக்கிழமை வெள்ளத் தண்ணீரோடு திரும்பாவிட்டால் வேலையே போய்விடும் என்றான்.

"கடல்ல மண்ணு முங்குறதப் பார்க்க மலையேறி வந்தீங்களாக்கும்!"

சிரித்தபின்தான் அவன் முகம் வாடியதைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கலாமா... ம்ஹூம், கத்தியவன் முதலில் கேட்கட்டும்!

இரண்டு நாள் சுள்ளென்று வெயில்; ஆறு தெளிந்துவிட்டது. அவனும் முகத்தைத் திருப்பிக்கொண்டே போனான். பிறந்ததிலிருந்து மழையைத் திட்டியவள், 'மாரியாத்தா, ஒரே ஒரு மழை!' என்று கெஞ்சினாள்.

வியாழன் மதியம் கொட்டியது பாருங்கள்! ஆறு செம்மண்ணாய்ப் புரண்டது. கரையில் வழுக்கி வழுக்கி அவன் தவிப்பதைக் கண்டாள். பிள்ளைகளை உடன் வேலை செய்யும் காளியாயி அக்காவிடம் விட்டுவிட்டு, மழைக்குத் தலையில் போட்ட படங்குச் சாக்கோடு ஓடினாள். சாக்கின் ஒரு நுனியை அவள் இறுக்கிப் பிடிக்க, மறுநுனியைப் பற்றிச் சரிந்து நாலு போத்தலையும் நிரப்பினான் முத்துலிங்கம்.

"அன்னைக்குக் கத்துனதுக்கு மன்னிச்சிருங்க..."

"நானும் கேட்டுட்டுக் கழுவியிருக்கணும்..." அவள் சாக்கைப் பிழிந்தாள். "தண்ணிதான் கெடச்சிருச்சே. நாளைக்குப் போயிருவீங்க..."

"போகணும். அதுக்கு முன்னால உங்க அப்பாவப் பார்க்கணுங்க."

"எதுக்கு?"

"பொண்ணு கேக்க. உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு... சண்ட போட்டப்பவே!"

மழையிலும் அவள் முகம் சுட்டது.

"அப்பா அஞ்சு மணிக்கு வருவாரு. தலையத் துவட்டிட்டு வாங்க..."

"அவரு முடியாதுன்னுட்டா?"

நாகலெட்சுமி அவனை நேராகப் பார்த்தாள்.

"எனக்குச் சம்மதம்னு நான் சொல்லிக்கிறேன்... நீங்க வாங்க!"