சுத்தமான மூத்திரம்

குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த போத்தல் சூடாக இருந்தது. பால் பெட்டிக்கும் பழைய மீன்குழம்புச் சட்டிக்கும் நடுவே இரவு முழுவதும் கிடந்த போத்தலைத் தொட்டால், இப்போதுதான் யாரோ பிடித்து மூடிவைத்ததுபோல உள்ளங்கையில் இளஞ்சூடு ஏறியது. மூடியில் வாமதேவனின் பெயர். அறையில் கூட இருக்கும் சாந்தன்தான் வைத்திருப்பான் என்று நினைத்தபிறகுதான், சாந்தன் நகருக்கு வெளியே சார்செலில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று நாளாகிறது என்பது நினைவுக்கு வந்தது.

ஈரல் சுருங்கிப்போன வாமதேவனை ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தார்கள். ஈரல் கெட்டவனுக்கு அடுத்துப் போவது சிறுநீரகம். இரத்தத்தில் அது தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். ஆனால் சிறுநீரில் ஏறும் ஒரு புரதம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும், அப்போதே பிடித்தால் ஆளைக் காப்பாற்றலாம். தாதி ஜிஸ்லேன் படம் வரைந்து விளக்கினாள். வாமதேவன் நன்றாகத் தலையாட்டினான், ஒரு சொல்லையும் நம்பவில்லை. வெள்ளைக்காரிக்கு வேறு வேலையில்லை. குடியை மோப்பம் பிடிக்கத்தான் இத்தனை சுற்றுவளைப்பு என்று அவனுக்குத் தெரியாதா? மாற்று ஈரலுக்குக் காத்திருப்பவர்களில் அவனும் ஒருவன். குடித்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஆகவே மாதாமாதம் போனது சாந்தனின் மூத்திரம். கடைவேலை, தேவாலயம், தேத்தண்ணி, இதற்குமேல் உலகம் அறியாத அப்பாவி அவன். அறை வாடகையில் பாதி கொடுக்கிறான் என்பதைத் தவிர அவனால் பூமிக்கு ஒரு பயனும் இல்லை என்பது வாமதேவனின் முடிவு. "உனக்குச் சீனி வருத்தம் இருக்கோ எண்டு பாப்பம்" என்று சொல்லிப் போத்தலை நீட்டினால் போதும், மறுபேச்சில்லாமல் நிரப்பித் தருவான்.

"நல்லாயிருக்கோ அண்ணை?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

"ஓம் ஓம். மாட்டுக்கு ஒரு வருத்தமும் வராது."

போத்தலை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாமதேவன் இறங்கினான். தலைக்கு மேலே மெத்ரோ ரயில் இரும்புப் பாலத்தை அதிரவைத்துப் போனது. கடைவாசல் சாம்பிராணியும் அழுகிய வெங்காயமும் மழையில் ஒன்றாய் மணத்தன. வீங்கிய கால்கள் சப்பாத்துக்குள் அடங்கவில்லை. நேற்று மத்தியானத்துக்குப் பிறகு ஒரு சொட்டு மூத்திரமும் போகவில்லை என்பதை வழியில்தான் கவனித்தான். மார்கழிக் குளிரிலும் பைக்குள் அந்தச் சூடு ஆறவேயில்லை, யாரோ உள்ளே கைவிட்டு வைத்திருப்பதுபோல.

ஆஸ்பத்திரியில் ஜிஸ்லேன் கணினித் திரையைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்கு நோயாளி என்றால் திரைதான்.

"காலையிலேயே தந்துவிட்டீர்களே. ஆய்வுகூடத்து எமில்தான் வாங்கி வைத்தார். முகமெல்லாம் தெளிந்து, நன்றாக இளைத்திருந்தீர்களாம்."

"நான் இப்பதானே வாறன்" என்பதைப் பிரெஞ்சில் சொல்ல வாயெடுத்தான்.

"முடிவும் வந்துவிட்டது. உங்கள் சிறுநீரகம் இருபது வயதுப் பிள்ளையுடையது. கவலையில்லாமல் வீட்டுக்குப் போங்கள்."

அது என்னுடையது இல்லை, எனக்கு மூத்திரம் நின்றுவிட்டது, என்னை இங்கே படுக்கவையுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் பெயர் போய்விடும். ஊரெல்லாம் முட்டாள், தான் மட்டும் கெட்டிக்காரன் என்று வாழ்ந்தவனுக்கு உயிரைவிட அந்தக் கெட்டிக்காரத்தனம் பெரிதாகத் தெரிந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். போத்தலை முதல் கண்ட குப்பைத்தொட்டியில் எறிந்தான். பை சூடாகவே இருந்தது.

அறை இருக்கும் லா சப்பலுக்குத் திரும்பும்போது இருட்டிவிட்டது. படிகளில் விளக்கு எரியவில்லை. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கினான். அவன் அறையிலிருந்து புட்டு வாசம் வந்தது. இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று சாந்தனுடையது, எப்போது திரும்பினானோ. மற்றது சிரித்தது. அந்தச் சிரிப்பு வாமதேவனுக்குத் தெரியும். வெளியில் நின்று கேட்க அது அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்தே கிடந்தது.

மேசையில் சாந்தன் புட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தான். எதிரே வாமதேவனின் முகம். மஞ்சள் இல்லாத கண்கள். ஒட்டிய வயிறு. வாமதேவனின் சட்டை, தொளதொளவென்று.

"அண்ணை, ஆரோ வந்திருக்கினம்" என்றான் சாந்தன். வாமதேவனைப் பார்த்தபடி, மற்றவனிடம்.

"ஆரோ குடிகாரன். நீ சாப்பிடு."

மற்றவன் எழுந்தான். கையைக் கழுவினான். துடைத்தான். கிட்ட வந்தான்.

வாமதேவன் தன் பெயரைச் சொல்லப் பார்த்தான். நாக்கு தடித்துக் கிடந்தது.

கோபமில்லை அந்த முகத்தில். வெறும் இளக்காரம்தான். கட்டைவிரலை வாமதேவனின் கன்னத்தில் வைத்து, மா பதம் பார்ப்பதுபோல அழுத்தி எடுத்தான். குழி விழுந்தது. விழுந்த குழி மேலே எழும்பவில்லை. அடுத்த கன்னத்தில் அழுத்தினான். பிறகு நெற்றியில்.

பிறகு, அவசரமேயில்லாமல், கண் இமையின் மேல்.