கர்தூ சரிவுக்கு அப்பால்

"பாலம் தாண்டறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. நான் நில்லுங்கன்னா நிக்கோணும்! ஓடுங்கன்னா ஓடோணும்! ஏன் எதுக்குன்னு அப்புறமா கேட்டுக்கலாம்!"

வழிகாட்டி குந்தன் சிங் இப்படிச் சொன்னதும் முத்துவுக்கு வாய் பிளந்துவிட்டது. இமயமலையின் நடுவில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு மலைக்காரர் கொங்குத் தமிழ் பேசினால் யாருக்குத்தான் பிளக்காது? குந்தன் திருப்பூர் பேக்கரி ஒன்றில் பல வருடம் ரொட்டி சுட்டவர். மலை ஏக்கம் தாங்காமல் ஊர் திரும்பி, இப்போது மலைக் கிராமங்களைச் சுற்றிக் காட்டுகிறார்.

தமயந்தி இதையெல்லாம் ரசிக்கும் நிலையில் இல்லை. அதற்குள் அவள் மரப்பாலத்தின் நடுவுக்கே போய்விட்டாள். கீழே ஆறு நுரைத்துச் சீறிக்கொண்டிருந்தது.

"வாங்களேன்! நின்னு பேசிக்கிட்டிருந்தா பொழுது போயிரும்!"

அக்காவும் தம்பியும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். தமயந்திக்குக் கப்பல் ஏஜென்சியில் வேலை. முத்து கல்லூரிக் கபடி அணியில் ஆடுபவன். இருவரும் வந்தது மலை பார்க்க அல்ல. காணாமல் போன அம்மாவைத் தேடி!

அம்மா செண்பகவல்லி பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கியவள். அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. இந்த முறை ஒரு மலையேற்றக் குழுவோடு கிளம்பினாள். சின்னப் பயணம்தான்; மூன்று கிராமங்களைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டியது. குழு இறங்கிவிட்டது. அம்மா மட்டும் இறங்கவில்லை. "பனோலி ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு. ரெண்டு நாள் இருந்துட்டு ஊர்க்காரங்களோட வாரேன்" என்று சொன்னாளாம். அதன் பிறகு தகவலே இல்லை. மீட்புப் படை பக்கத்துப் பள்ளத்தாக்கில் வெள்ளத்தோடு போராடிக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா, ஊரில் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தவித்தார்.

"மேல பாருங்க அம்மிணி" என்று குந்தன் சிகரத்தைக் காட்டினார். அதன் உச்சியில் சாம்பல் மேகம் குந்தியிருந்தது. "அது இறங்குச்சுன்னா பனி. பனி விழுந்துட்டா மேல் கிராமத்துக்கு இந்த வருசம் வழி கிடையாதுங்க."

அவ்வளவுதான்! தமயந்தியின் நடை ஓட்டமானது.

தேவதாருக் காட்டைக் கடந்து முதல் கிராமமான சிர்கோட்டை அடைந்தார்கள். கூரைகளில் மக்காச்சோளக் கதிர்கள் மஞ்சளாகக் காய்ந்துகொண்டிருந்தன. அம்மாவின் படத்தைக் காட்டியதும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி கயிறிழுப்பது போல நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஊரு ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம் நிக்க வச்சு உங்கம்மா கயிறு இழுக்க விட்டாங்களாம். பொம்பளைங்கதான் ஜெயிச்சாங்களாமா!" என்றார் குந்தன்.

முத்து சிரித்தான். தமயந்திக்கு எரிச்சல்தான் வந்தது. வீட்டில் ஒருத்தர் கண்ணிலும் தூக்கம் இல்லை. இங்கே கயிறிழுப்பு!

"திரும்பி இறங்கும்போது இந்தப் பக்கம் வந்தாங்களான்னு கேளுங்க."

வரவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு அவள் எழுந்துவிட்டாள்.

இரண்டாவது கிராமம் பனோலி. அங்கே குளிர்காலத்துக்காக ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பனிக்கு முன் எல்லோரும் கீழே இறங்கிவிடுவது வழக்கம். ஆண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்பே போய்விட்டார்கள். மிச்சமிருந்த பெண்களில் ரூப்ஸா தேவி என்பவளின் வீட்டில்தான் அம்மா தங்கியிருந்தாள். அம்மாவின் பெரிய பை அந்த வீட்டு மூலையில் அப்படியே இருந்தது!

தமயந்தி ஓடிப்போய்ப் பையைத் திறந்து பார்த்தாள். "பையை விட்டுட்டு எங்க போனா?"

ரூப்ஸா தேவி படபடவென்று பேசினாள். குந்தனின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பகத் ராம்னு ஒரு மேய்ப்பருங்க. மேல கடைசிக் கிராமம் கர்தூவுல ஆடு வச்சிருந்தாரு. எல்லாரும் இறங்கியும் அவரு இறங்கலை. ஒரு நாள் அவரோட நாய் மட்டும் தனியா இங்க வந்து நின்னு குலைச்சிருக்கு. ஊருல யாரும் கண்டுக்கலை. உங்கம்மா ரொட்டியைத் துணியில கட்டிக்கிட்டு நாய் பின்னாடியே போயிட்டாங்க."

"தனியாவா?"

"ஆமாங்க. திரும்பலைன்னதும், முகட்டுப் பாதையில இறங்கி ஆம்பளைங்களோட போயிருப்பாங்கன்னு இவங்க நினைச்சுக்கிட்டாங்க. ஆம்பளைங்களோ, அவங்க ஊருலதான் இருக்காங்கன்னு நினைச்சிருப்பாங்க."

இரண்டு பக்கமும் நினைத்துக்கொண்டன, யாரும் தேடவில்லை! ரூப்ஸா தேவி தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு உள்ளே ஓடி, மாவும் வெல்லமும் ஒரு பெரிய உப்புப் பொட்டலமும் கொண்டுவந்து மூட்டையில் திணித்தாள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஏறினார்கள். மரங்கள் குட்டையாகி, பிறகு இல்லாமலே போயின. மூச்சு வாங்கியது. முத்துவுக்குத் தலை கனத்தது. "தண்ணி குடிங்க! மெதுவா மூச்சு விடுங்க!" என்று குந்தன் நிமிடத்துக்கொரு முறை அதட்டினார். நண்பகலில் கர்தூ வந்தது. கல் வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. காக்கை குருவி இல்லை.

"அம்மா! எம்மா!" முத்து கத்தினான்.

பதிலில்லை. ஆனால் ஊருக்கு அப்பால், மலை வளைவில், மெல்லிய புகை ஒன்று எழுந்தது!

மூவரும் ஓடினார்கள். ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதும் குந்தன் இரு கைகளையும் விரித்துத் தடுத்தார். "நில்லுங்க!"

பாதை அங்கே அறுந்திருந்தது. மூன்று கபடி மைதானங்களைச் சேர்த்து வைத்த அகலத்துக்கு மலை சரிந்து, வெறும் சரளையும் பாறையுமாகப் பள்ளத்தில் இறங்கியது. எதிர்ப்பக்கம் ஒரு கல் குடிசை. அதைச் சுற்றி வெள்ளையாக ஆட்டு மந்தை. கழுத்தில் இரும்பு முள்பட்டை போட்ட கறுப்பு நாய் ஒன்று இவர்களைப் பார்த்துக் குலைத்தது.

குடிசைக்குள்ளிருந்து ஓர் உருவம் வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தது. பிறகு, ஒரு மைதானத்தையே அடக்கி ஆண்ட அந்தக் குரல் எழுந்தது.

"யாரது? எலேய், முத்துவா? தலையில துணியக் கட்டுல! காத்து அடிக்குதுல்லா!"

முத்து தேம்பிவிட்டான். தமயந்திக்கோ அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எம்மா! நீ ஏன் திரும்பி வரல?"

"நான் வந்த பொறவுதாம்ட்டி பாதை சரிஞ்சுது! இவருக்குக் கால் முறிஞ்சு கெடக்கு. கட்டை வச்சுக் கட்டியிருக்கேன். மாவு தீந்துபோச்சு. ஆட்டுப்பாலுதான் குடிக்கோம்!"

தமயந்தி அதற்கு மேல் கேட்கவில்லை. சரளையில் காலை வைத்துவிட்டாள்.

"அம்மிணி, வேண்டாம்!"

நாலு எட்டு வைத்திருப்பாள். மேலே எங்கோ கடகடவென்று சத்தம். பானை அளவு கல்லொன்று துள்ளித் துள்ளி வந்து, அவள் முகத்துக்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது! முத்து பாய்ந்து அவள் பையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டான்.

குந்தன் கோபத்தில் கத்தினார். "நில்லுன்னா நிக்கோணும்னு பாலத்துலயே சொன்னேனா இல்லையா? வெயில் பட்டா மேல ஐஸ் இளகும். கல்லுக விழும். விடியக்காலைல எல்லாம் உறைஞ்சிருக்கும். அப்பத்தான் போகோணும்!"

"மேகம் இறங்குதே! ராத்திரி பனி விழுந்துட்டா?"

"விழலாமுங்க" என்றார் குந்தன், குரலைத் தாழ்த்தி. "அதுக்காக இப்ப போய்ச் சாக முடியாது."

இன்னொரு சிக்கலும் இருந்தது. எதிர்ப்பக்கமிருந்து அம்மா கூவினாள்: "ஆடுக வராம நானும் வரமாட்டேன்னு இவரு அடம் பிடிக்காரு! இந்த மந்தைதான் அவரு குடும்பத்துக்கே சோறாம். நான் ஓட்டிப் பாத்துட்டேன். ஒண்ணுகூடச் சரளையில கால் வைக்க மாட்டேங்கு!"

குந்தன் யோசித்தார். "மந்தைக்கு முன்னாடி நடக்கற கிடா ஒண்ணு இருக்கும். அது வந்தா எல்லாம் வரும். அறுபது எழுபது ஆடு நடந்துட்டா சரளை மிதிபட்டுப் பாதையாயிரும். அதுல ஆளைத் தூக்கிட்டு வந்துரலாம். ஆனா கிடாவை எப்படி..." அவர் பார்வை மூட்டையில் நின்றது. "உப்பு! மலை ஆடு உப்புக்கு உசுரையே விடுமுங்க!"

அன்றிரவு ஒரு மாட்டுக்கொட்டகையில் கழிந்தது. தமயந்தி படுப்பதும் எழுந்து வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். பனி விழவில்லை. கொட்டகையில் கிடந்த பெரிய முதுகுக்கூடையை எடுத்து, கால்களை வெளியே தொங்கவிட வசதியாக அதன் ஒரு பக்கத்தை வெட்டினான் முத்து.

விடிந்தது. கிழக்குச் சிகரம் சிவந்தது. இன்னும் சரிவின் மேல் வெயில் விழவில்லை.

மூவரில் எடை குறைந்தவள் தமயந்திதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். மறுமுனை குந்தனின் கையில், பாறையைச் சுற்றி. "கல்லைப் பாத்து வையுங்க. ஓடாதீங்க!"

ஓடாமல் இருப்பதுதான் அவளுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. ஓர் அடி. உறைந்த சரளை நறுக்கென்றது, நகரவில்லை. இன்னோர் அடி. கீழே பார்க்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் சில்லிட்டது. கடைசி அடியில் ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

அம்மா! கறுத்து, மெலிந்து, உதடெல்லாம் வெடித்து. தமயந்தி கட்டிக்கொண்டாள். திட்ட நினைத்ததெல்லாம் மறந்துபோனது.

"அழுகைய அங்கிட்டுப் போய் வச்சுக்கிடுவோம். உப்பு எங்கட்டி?"

குடிசை வாசலில் காலை நீட்டிக் கிடந்த பகத் ராம் நாக்கைச் சுழற்றி ஒலியெழுப்பினார். வளைந்த கொம்புக் கிடா ஒன்று முன்னால் வந்தது. தமயந்தியின் உள்ளங்கையிலிருந்த உப்பை நக்கியது. அவள் ஓர் அடி பின்வாங்கினாள், அதுவும் வந்தது. அவள் திரும்பிச் சரளையில் இறங்கினாள், கிடா தயங்கியது. எதிர்ப்பக்கம் முத்து பாறை மேல் உப்பைக் கொட்டிப் பரப்பினான். கிடா காற்றை முகர்ந்தது. பிறகு குளம்பை வைத்தது!

"வருது! வருது!"

ஒன்றன்பின் ஒன்றாக மந்தை தொடர்ந்தது. பின்னாலிருந்து அம்மா கைதட்டி விரட்டினாள்: "வரிசையா! இடிக்காம! ஏய், குட்டை வாலு, வரிசைய விட்டு எங்க போற?" நாய் பக்கவாட்டில் ஓடி ஓடி மேய்த்தது. தமயந்தியின் பின்னால் கடைசி ஆடும் மறுபக்கத்தை எட்டியபோது, சரளையின் குறுக்கே மிதிபட்ட தடமொன்று தெளிவாகத் தெரிந்தது.

உடனே முத்து கூடையோடு கடந்தான். பகத் ராமைச் சுமந்துகொண்டு அந்தத் தடத்தில் அடி அடியாக வைத்து வந்தான். நடுவில் ஒருமுறை சறுக்கினான், குந்தன் கயிற்றை இறுக்கினார், நிமிர்ந்துவிட்டான்.

அதற்குள் வெயில் மலை உச்சியைத் தொட்டது. சொட்டுச் சொட்டென்று நீர் ஒழுகும் சத்தம்.

"அம்மா, சீக்கிரம்!"

அம்மா பாதி தூரம் வந்திருந்தாள். கையில் நடக்கமுடியாத ஒரு குட்டி. மேலே கடகடவென்றது!

"ஓடுங்க!" என்று அலறினார் குந்தன்.

செண்பகவல்லி ஓடினாள். பள்ளி மைதானத்தில் எத்தனையோ பெண்களை ஓட விட்டவள், இப்போது தன் உயிருக்காக ஓடினாள். அவள் குதித்துக் கரையேறவும், பின்னால் அந்தத் தடம் முழுவதும் கல்மழையில் புதைந்து போகவும் சரியாக இருந்தது. தூசி மெல்ல அடங்கியது. குட்டி "மே" என்றது.

முதலில் சிரித்தவர் பகத் ராம்.

பனோலிப் பெண்கள் ஊர் எல்லைக்கே ஓடி வந்தார்கள். ரூப்ஸா தேவி அம்மாவைக் கட்டிப்பிடித்து முதுகில் ஓர் அடியும் வைத்தாள். அங்கிருந்து மந்தையும் மனிதர்களும் ஒன்றாகவே மலையிறங்கினார்கள்; பகத் ராமை ஊர்ப் பெண்களும் முறை வைத்துச் சுமந்தார்கள். பின்னால் பனி விழத் தொடங்கியது.

சிர்கோட்டுக்கு மேலே நடக்கும்போது அம்மா தானாகவே சொன்னாள்: "போனது தப்பில்லட்டி. ஒரு ஆள்கிட்டயாவது, 'நான் இங்க போறேன், வரலைன்னா தேடுங்க'ன்னு சொல்லாம போனதுதான் தப்பு. அப்பா எப்படித் துடிச்சிருப்பாரு!"

"நானும் நில்லுன்னா நிக்கல" என்றாள் தமயந்தி. "அந்தக் கல்லு இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்கு."

பாலத்தருகே ஜீப் காத்திருந்தது. பகத் ராமை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஆற்றின் வளைவில் இன்னொரு ஒற்றையடிப் பாதை பிரிந்து, காட்டுக்குள் ஏறுவதைத் தமயந்தி பார்த்தாள்.

"குந்தன் அண்ணே, அந்தப் பக்கம் என்ன ஊரு இருக்கு?"

"அங்கீங்களா? ஒரு ஏரி. அது கரையில ஒரு ஊரு. ஒரு நாள் நடையுங்க."

"ஒரு நாள்தானா?" அவள் கண்கள் பளபளத்தன. "எம்மா, நீ என்ன சொல்லுத?"

அம்மா ஜீப்பின் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குதிகாலெல்லாம் கொப்புளம்.

"அடுத்த வருசம் பாப்போம்ட்டி" என்றாள். "கொஞ்ச நேரம் உக்காரணும் போல இருக்கு."

அம்மா வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையை அக்காவும் தம்பியும் வாழ்நாளில் கேட்டதில்லை.