நாலாவது சேனல்

ஒரகடம் கூட்டு ரோட்டில் இருக்கும் அந்த டிஜிட்டல் பிரஸ்ஸில் நான் டிசைனராகச் சேர்ந்த முதல் நாளே கிடைத்த வேலை, எனக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் நினைவஞ்சலி போஸ்டர். பெயர் ரஞ்சனி. படப்பை ரோட்டில் லாரி மோதிச் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கீபோர்டை நகர்த்தினேன். அடியில் காய்ந்த மருக்கொழுந்து ஒரு கிள்ளு கிடந்தது.

“ரஞ்சனி போட்டா ஒரே ப்ரூஃப்ல ஓகே ஆயிடும்மா,” என்றார் முதலாளி பராங்குசம்.

வந்து பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் ஒப்பிட்டாயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போஸ்டர் வாங்க வந்தவன் மாரிசெல்வம். கார் கம்பெனியில் லைன் வேலை, என்னைப் போலவே தூத்துக்குடிப் பக்கம். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். ஸ்கிரீனில் அவள் படத்தை அவன் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லை.

படத்தில் அவளுக்குப் பளிச்சென்ற நீலப் புடவை. ஸ்கிரீன் வெளிச்சத்தால் நிறம் காட்டும். தாளுக்கு மை மட்டும்தான். அந்த நீலத்தை அப்படியே அடித்தால் மங்கின ஊதாவாகப் போய்விடும். அச்சுக்கு மாற்றி, மெஜந்தா என்கிற கருஞ்சிவப்பு மையைக் குறைத்துத் திருத்த வேண்டும். இரண்டு நிமிஷ வேலை. தெரிந்தேதான் விட்டேன். அவள் முகமும் சாம்பல் பூத்து வந்தது.

“இவ இப்படி இருக்க மாட்டாளே,” என்றான் அவன்.

“பேப்பர்ல அப்படித்தான் வரும்.”

பிறகும் அவன் வந்தான். முதலில் டீ, அப்புறம் பேச்சு, ஆறு மாதத்தில் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பத்திரிகையை நானே டிசைன் செய்தேன். சிவப்புப் பட்டில் நான், பக்கத்தில் அவன். பட்டப்பகல் மூன்று மணி, வெளியே கன்டெய்னர் லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்தத் தடவை ஒழுங்காக அச்சுக்கு மாற்றினேன். ஸ்கிரீனுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறத்துக்கொன்றாக மூன்று சேனல்தான். மாற்றினால் கறுப்பு என்று நாலாவதாக ஒன்று வரும். அதை மட்டும் தனியாகத் திறந்தேன்.

கறுப்பில் மூன்று பேர் இருந்தார்கள்.

எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பெண்.

மற்ற சேனல்களில் அவள் இல்லை. எங்கிருந்தோ மருக்கொழுந்து வாசனை வந்தது.

“போடி! செத்தும் உனக்கு அவன் கேக்குதா?” என்று வாய்விட்டே சொன்னேன். வெள்ளை பிரஷ்ஷால் அழித்தேன்.

அழித்த இடத்தில் கறுப்பு மறுபடி ஊறியது. அவள் என் பக்கம் நகர்ந்திருந்தாள்.

மறுபடி அழித்தேன்.

இப்போது அவளைக் காணோம். நானும் அவனும் மட்டும். அப்பாடா என்று மெஷினுக்கு அனுப்பினேன்.

“இன்னாக்கா, ஸ்கிரீன்ல செகப்புதானே?” மெஷின் ஓட்டும் அன்பு கத்தினான். “பேப்பர்ல நீலமா வந்துகினு கீது!”

ஓடினேன். எந்த மையாலும் கொண்டுவர முடியாத அந்த நீலம், ஸ்கிரீனில் மட்டுமே நான் பார்த்திருந்த நீலம். புடவைக்கு மேலே ரஞ்சனியின் முகம்.

கீழே என் பெயர், விழி.

கையில் கிடைத்ததை எல்லாம் கிழித்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த மாரிசெல்வம் அதற்குள் ஒன்றை எடுத்துவிட்டான். வெகுநேரம் பார்த்தான். அதே பார்வை.

“ஆமா,” என்றான் மெதுவாக. “இவ இப்படித்தான் இருப்பா.”

“மாரி!”

நிமிர்ந்தான். “என்ன விழி, ஒரு மாதிரி வெளுத்துப்போய் இருக்க?”

என் கையைப் பார்த்தேன். அந்தப் போஸ்டரில் அவள் முகத்துக்கு வந்த சாம்பல் நிறம், முழங்கை வரைக்கும்.

மூன்று வாரமாகச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறேன், போகவில்லை. பத்திரிகையை அவன் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறான். வருகிற வியாழன் கல்யாணம்.

முகூர்த்தத்துக்கு நீலப் புடவை எடுக்கலாம் என்கிறான்.