பஞ்சு வைத்த சுவர்

"அய்யோ தேவரே...!"

வேலைக்காரி சென்னம்மாவின் கன்னட அலறல் ஓசூர் பாகலூர் ரோட்டில் இருந்த அந்த அபார்ட்மெண்ட்டையே உலுக்கியது.

முற்பகல் வெயிலுக்கு ஜன்னல்களை மூடிக்கொண்டு தூங்கிய நைட் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் விழித்துக்கொண்டார்கள்.

ஒருவனைத் தவிர!

அலறல் கிளம்பிய படுக்கையறையும் அவன் படுக்கையறையும் ஒரே சுவரை ஒட்டியிருந்தன. ஆனாலும் சக்தி வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் கிடைக்காத தூக்கம்...

தட்! தட்! தட்!

வாசற்கதவு அதிர்ந்தபோதுதான் எழுந்தான். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்த் திறந்தான்.

அபார்ட்மெண்ட் செக்ரட்டரி பெரியதம்பி நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏம்பா... நீ இங்கதான் இருக்கறயா?"

"நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தேன். என்னண்ணே?"

"பக்கத்து வூட்டு அனிதா... செத்துக் கெடக்குதுப்பா! கழுத்துல துப்பட்டா! வேலைக்கு வந்த சென்னம்மாதான் பாத்துட்டுக் கத்துச்சு. உனக்குக் கேக்கலயா?"

சக்தி பக்கத்து வீட்டு வாசலை எட்டிப் பார்த்தான்.

"கே... கேக்கலண்ணே."

பெரியதம்பி அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

"மூணாவது மாடிக்காரனுக்குக் கேட்டுச்சு. உனக்குக் கேக்கலயா? போலீஸ் வந்துட்டிருக்கு. போன வாரம் படிக்கட்டுல நின்னு என்னா சொன்ன நீ? 'புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் ஒரு நாளைக்குக் கொன்னுபுடுவேன்'னு! எல்லாருக்கும் ஞாபகம் இருக்குது கண்ணு."

"அது தூக்கமில்லாத கோவத்துலண்ணே!"

"அதப் போலீஸ்கிட்டச் சொல்லு."

அவர் போய்விட்டார். சக்தி கதவைச் சாத்தினான். அறைக்குள் திரும்பினான்.

சுவரைப் பார்த்தான்.

அதன் மேல் கையை வைத்தான்.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாதிப்பேர் ராத்திரி வேலைக்காரர்கள். பகல்தான் அவர்களுக்கு ராத்திரி. பக்கத்து வீட்டில் சத்தம் வந்தால் யாரும் எழுந்துபோய்க் கேட்பதில்லை. படுத்தபடியே சுவரைத் தட்டுவார்கள். தட்டினால் அடங்க வேண்டும். அவ்வளவுதான்.

சக்தியும் தட்டினான். தினமும் தட்டினான். பக்கத்து வீட்டு ஹரீஷ்குமாருக்கும் அனிதாவுக்கும் விடிந்தால் சண்டை. ஹாலோ பிளாக் சுவர். கன்னத்தில் அறை விழும் சத்தம்கூட இங்கே கேட்கும்.

தட்டித் தட்டிக் கை வலித்த பிறகுதான் தியேட்டர்களுக்குச் சுவர் வேலை செய்யும் மாரிமுத்துவைப் பிடித்தான்.

நேற்றுப் பகல் முழுக்க வேலை. மரச்சட்டம். உள்ளே சத்தத்தை உறிஞ்சும் கண்ணாடிப் பஞ்சு. அதன்மேல் ஜிப்சம் பலகை. அதற்கும் மேலே தடித்த ஸ்பாஞ்ச்... மெரூன் நிற ரெக்சின். சினிமா தியேட்டர் சுவரேதான்! வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடாதவர். அதனால் பெரியதம்பியிடம்கூட "நிக்கற ஷெல்ஃப் செய்யறேன்" என்று பொய் சொல்லியிருந்தான்.

நேற்றுச் சுவருக்குப் பஞ்சு. இன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பிணம்.

எந்தப் போலீஸ் நம்பும்?

'அவ கத்துனா யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு ப்ளான் பண்ணித்தானே அடிச்சே?'

கேள்வி அவன் காதிலேயே ஒலித்தது. தூக்குக்கயிறு கண் முன்னால் ஆடியது!

பாய்ந்தான். கட்டிலில் கிடந்த பெரிய பெட்ஷீட்டை உருவினான். துணி காயப்போடும் கொடியை நகர்த்திக் கட்டி, ரெக்சின் தெரியாதபடி தொங்கவிட்டான். கொஞ்சம் மேலே தெரிந்தது. சட்டை, பேண்ட், கம்பெனி யூனிஃபாரம்... கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டினான்.

வெளியே ஜீப் வந்து நின்றது.

* * *

இன்ஸ்பெக்டர் முனிவேல் அதிராமல் பேசுகிற ஆள். அதுதான் சக்திக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர் பின்னால் கான்ஸ்டபிள் கருப்பசாமி. அவருக்கும் பின்னால்... கண்கள் சிவந்து, தலை கலைந்து ஹரீஷ்குமார். போச்சம்பள்ளி கம்பெனியிலிருந்து போன் போட்டு வரவழைத்திருந்தார்கள்; அவன் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லோரும் சக்தியின் அறைக்கு வந்தார்கள்.

"இவன்தான் சார்! இவன்தான் என் அனிதாவக் கொன்னவன்!"

"இருங்க ஹரீஷ். அழுதுட்டே சொன்னா எனக்குப் புரியாது. காலைல என்ன நடந்துச்சு? மொதல்ல இருந்து சொல்லுங்க."

ஹரீஷ்குமார் மூக்கை உறிஞ்சினான்.

"கம்பெனி பஸ்ஸுக்குக் கெளம்பிட்டிருந்தேன் சார். அனிதா சட்னிக்கு மிக்ஸி போட்டா. ஒடனே இந்தாளு சொவத்தத் தட்டினான்... டம் டம்முனு! தட்டிட்டு, 'இன்னைக்கு உன்ன முடிக்காம வுட மாட்டேன்டி'ன்னு கத்தினான்."

"நீங்க எங்க நின்னுட்டிருந்தீங்க?"

"பெட்ரூம்ல சார். சொவத்துப் பக்கத்துலயே. சட்ட மாட்டிட்டிருந்தேன். என் ரெண்டு காதாலயும் கேட்டேன்! எப்பவும் கத்தறவன்தானேன்னு போயிட்டேன் சார்... போயிட்டேனே!"

"பொய்!" சக்தி அலறினான். "சார், நான் இன்னைக்குத் தட்டவே இல்ல! கண்மாய்க்கரைக் கருப்பன் மேல சத்தியமா!"

முனிவேல் மெதுவாகத் திரும்பினார்.

"எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டைப் பக்கம் சார்."

"சரி. தெனமும் தட்டுவயா?"

"...தட்டுவேன் சார்."

"நேத்து?"

"நேத்துக் காலைல தட்டுனேன்."

"முந்தாநேத்து?"

"தட்டுனேன் சார்."

"இன்னைக்கு மட்டும் ஏன் தட்டல?"

சக்தியின் கண் தன்னையறியாமல் பெட்ஷீட் பக்கம் போனது.

சட்டென்று திருப்பிக்கொண்டான்.

சத்தம் கேட்கவில்லை என்று சொன்னால் ஏன் கேட்கவில்லை என்பார். ஏன் என்று சொன்னால்... பெட்ஷீட்டுக்குப் பின்னால் இருப்பதைக் காட்ட வேண்டும்!

"அ... அசதி சார். படுத்ததும் தூங்கிட்டேன்."

"பக்கத்துல ஒரு பொண்ணு உயிர் போற மாதிரி கத்தியிருக்கும். வேலைக்காரம்மா கத்தியிருக்குது. எதுவும் கேக்காத தூக்கம். எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்தாத் தேவல."

கருப்பசாமி களுக்கென்று சிரித்தார். முனிவேல் சிரிக்கவில்லை. அறையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பால்கனி இருக்குதே. அங்க வெயில் கொளுத்துது. துணிய எதுக்கு ரூமுக்குள்ள காயப் போட்டிருக்கற?"

சக்தி கொடிக்கு முன்னால் போய் நின்றான்.

"கருப்பசாமி."

"சார்!"

"ஈரமா இருக்குதா பாரு."

கருப்பசாமி யூனிஃபாரத்தைத் தொட்டார்.

"சருகு மாதிரி காஞ்சு கெடக்குது சார்."

"அந்தப் பெட்ஷீட்ட எடு."

"சார்... வேணாம் சார்..."

சரக்!

பெட்ஷீட் கீழே விழுந்தது. மெரூன் ரெக்சின் தரையிலிருந்து மேல்வரை பளபளத்தது.

வாசலில் கூடியிருந்தவர்கள் "ஆ!" என்றார்கள். பெரியதம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஷெல்ஃப்னு சொன்னயேடா பாவி!"

ஹரீஷ்குமார் ஒரு விநாடி சுவரையே வெறித்தான். பிறகு வெடித்தான்.

"பாத்தீங்களா சார்! சவுண்ட் ப்ரூஃப்! அவ கத்துனா வெளிய யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு ப்ளான் பண்ணி அடிச்சிருக்கான்! மொதல்ல இவனுக்கு வெலங்கு மாட்டுங்க சார்!"

சக்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எப்ப அடிச்சது?" முனிவேல் கேட்டார்.

"நே... நேத்து சார்... சாயங்காலம்தான் முடிஞ்சுது... தூங்கறதுக்குத்தான் சார்... சத்தியமா தூங்கறதுக்குத்தான்..."

"யாருக்குத் தெரியும்?"

"அனிதாவுக்கு மட்டும் சார். வேலை நடக்கும்போது வாசல்ல நின்னு பாத்துச்சு. 'நல்லதுண்ணா, எங்க சண்ட உங்களுக்குக் கேக்கறது எனக்கே அசிங்கமா இருக்குது'ன்னுச்சு."

முனிவேல் சுவரருகே போனார். உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கை மெத்தென்று உள்ளே போனது.

"கருப்பசாமி, பக்கத்து வூட்டு பெட்ரூமுக்குப் போ, கதவச் சாத்திக்கோ. சொவத்து மேல காத வெச்சுட்டு நில்லு. நான் தட்டறேன். எத்தன தடவ தட்டினேன்னு வந்து சொல்லு."

"சரிங்க சார்!"

கருப்பசாமி ஓடினார்.

முனிவேல் சட்டைக் கையை மடித்தார். முஷ்டியை ஓங்கிக் குத்தினார். பொத்... பொத்... பொத்... தலையணையை அடிக்கிற சத்தம்! வாயைச் சுவரருகே கொண்டுபோய் ஒரு கத்துக் கத்தினார். வாசலில் நின்ற சென்னம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

கைவலிக்க ஓய்ந்தார். காத்திருந்தார்.

யாரும் வரவில்லை.

ஒரு நிமிடம் போயிருக்கும். கருப்பசாமி வாசலில் தலையை நீட்டினார்.

"சார்... எப்ப தட்டுவீங்க? காத வெச்சு வெச்சுக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!"

எல்லோரும் மெரூன் சுவரைப் பார்த்தார்கள்.

முனிவேல் மட்டும் மெல்லத் திரும்பினார். ஹரீஷ்குமாரின் பக்கம்!

"காலைல தட்டினது கேட்டுதுன்னீங்க?"

"சா... சார்..."

"டம் டம்முனு?"

"நான்... வாசல் வழியாக் கேட்டிருக்கும் சார்..."

"சொவத்துப் பக்கத்துல நின்னேன்னீங்க. ரெண்டு காதாலயும்னீங்க. உங்க சம்சாரம் இந்தச் சங்கதிய உங்ககிட்டச் சொல்லலயாட்டம் இருக்குதே? ஏன்? நேத்து ராத்திரி பேச்சுவார்த்தை இல்லயோ?"

ஹரீஷ்குமார் ஓர் அடி பின்னால் வைத்தான். சட்டென்று வாசலை நோக்கிப் பாய்ந்தான். பெரியதம்பி பயத்தில் விலகினார். சென்னம்மா விலகவில்லை! கையிலிருந்த துடைப்பத்தைக் குறுக்கே போட்டாள். தடுக்கி விழுந்தவன் மேல் கருப்பசாமி உட்கார்ந்தார்.

"ஏ... எங்கே ஓடறே!" சென்னம்மா கத்தினாள். "அந்தம்மா நானு பெத்த பொண்ணு மாதிரிடா!"

"அவ... அவ பர்கூருக்கே போறேன்னா சார்!" ஹரீஷ்குமார் தரையில் முகம் அழுந்தக் கதறினான். "அப்பன் வூட்டுக்குப் போயி, மகளிர் ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ண்ட் குடுப்பேன்னா... என் வேலையே போயிருக்கும் சார்... பயமுறுத்தத்தான் துப்பட்டாவ இழுத்தேன்..."

"வேலையா? இப்ப மட்டும் இருக்குமா?"

விலங்கு விழுந்தது.

சக்தி இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தான். முனிவேல் அவன் முன்னால் குனிந்தார்.

"ஏம்பா, உன்னக் காப்பாத்தறதயே மறைச்சு வெச்சிருக்கறயே! இன்னும் கொஞ்சம் போயிருந்தா நானே உனக்கு வெலங்கு மாட்டியிருப்பேன்."

"பயம் சார்..."

"ஒண்ணு சொல்லு. நீ தட்டினா இவன் அடிக்கறத நிறுத்துவானா?"

சக்தி நிமிர்ந்து பார்த்தான். கேள்வி மெதுவாகத்தான் உள்ளே இறங்கியது.

"நிறுத்துவான் சார்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும் சார்... தட்டுனா அந்தப் பொண்ணு அழுவுறது மட்டும்தான் கேக்கும்..."

சொல்லிவிட்டு, மெரூன் சுவரிலிருந்து விலகி எதிர்ச் சுவரோரம் நகர்ந்து போய் ஒண்டிக்கொண்டான். இன்றைக்கு அவன் தட்டவில்லை. போலீஸ் பயம் போய்விட்டிருந்தது. இது வேறு பயம்.

முனிவேல் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கருப்பசாமி ஹரீஷ்குமாரைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினார்.

"சார், லாக்கப்புல ஒரு குடிகாரன் காலைலருந்து நிறுத்தாமப் பாடிட்டிருக்கான். இவர எங்க வெக்கறது?"

"அவன்கூடயே வை!" என்றார் முனிவேல், ஜீப்பில் ஏறியபடி. "இல்லாத சத்தத்தயே ரெண்டு காதாலயும் கேக்கற மனுஷன்... இருக்கற சத்தத்தக் கேக்கட்டுமே!"